6 லட்சத்துக்கு பழைய ஆடியா, நல்ல ஸ்விஃப்டா? மொத தடவ செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

ஓஎல்எக்ஸ தொறந்து 5லருந்து 6 லட்சம்னு ஃபில்டர் போட்டுப் பாருங்க, 2011 ஆடி ஏ4 ஒன்னு பளபளன்னு நிக்கும், அதுக்கு ரெண்டு போட்டோ கீழயே 2017 ஸ்விஃப்ட் அதே வெலைல நிக்கும். சன்ரூஃப், லெதர் சீட்டு, நாலு வளையம் எல்லாம் ஸ்விஃப்ட் காசுக்கே வருதேன்னு யாருக்குமே கை நமநமக்கும், அதுல தப்பே இல்ல. ஆனா வண்டி வெல எறங்குற மாதிரி ஸ்பேர் வெல எறங்காது. புதுசா எடுத்தப்ப 30 லட்சம் இருந்த வண்டிக்கு இன்னைக்கும் 30 லட்ச ரூபா வண்டியோட ஸ்பேர் தான், ஓட்டுறது நீங்க 6 லட்சத்துக்கு வாங்குன ஆளா இருந்தாலும் சரி.

இதுக்காக பழைய பிரீமியம் வண்டியே வாங்காதீங்கன்னு நான் சொல்ல வரல. வாங்கி சந்தோஷமா ஓட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க எல்லாரும் கார தேடறதுக்கு முன்னாடி மெக்கானிக்க தேடுனவங்க, அவ்ளோதான் வித்தியாசம். அதனால இந்த செய்முறையும் அந்த வரிசைலதான் போகும்.

ஸ்டெப் 1: காச ரெண்டாப் பிரிங்க

கையில மொத்தம் 8 லட்சம் இருக்குன்னு வெச்சுக்குவோம். மாருதி, ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா மாதிரி சாதா வண்டின்னா 7 லட்சத்துக்கு மேலயே வண்டிக்குப் போடலாம், மிச்சம் முக்கா லட்சம் இருந்தா டயர், பேட்டரி, சர்வீஸ், பேர் மாத்துற செலவு எல்லாம் அடங்கிரும். அதுவே ஆடி, பென்ஸ், பி.எம்.டபிள்யூன்னா வண்டிக்கு 5.5 லட்சத்துக்கு மேல போகாதீங்க, மீதி 2.5 லட்சத்த தனி அக்கவுண்ட்ல போட்டு வெச்சிருங்க. அது வண்டியோட காசு, உங்க காசு இல்ல. "8 லட்சம் இருக்கு, 8 லட்சத்துக்கு ஒரு பி.எம்.டபிள்யூ த்ரீ சீரிஸ் கிடைக்குது"ன்னு மொத்தத்தையும் எறக்கிட்டு அப்புறம் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு கிரெடிட் கார்டு தேச்சீங்கன்னா அந்த வண்டி வீட்டு வாசல்ல கவர் போட்டு நிக்குறதுல தான் போய் முடியும்.

ஒரு சின்ன கணக்கு சொல்றேன். பென்ஸ் சி220 சிடிஐல ஒரு ஆயில் சேஞ்சுக்கு ஆறரை லிட்டர் ஆயில் வேணும், பி.எம்.டபிள்யூ 320டிக்கு அஞ்சே கால் லிட்டர் கிட்ட, பெட்ரோல் ஸ்விஃப்ட்டுக்கு அந்த பென்ஸுக்கு ஊத்துறதுல கிட்டத்தட்ட பாதி போதும். அந்த ஆயிலும் கம்பெனி அப்ரூவல் போட்டதா இருக்கணும், கடையில கிடைக்கிறத ஊத்தக் கூடாது. ஆயிலுக்கே இப்படின்னா மத்தத யோசிச்சுக்கோங்க.

ஸ்டெப் 2: மெக்கானிக்க பிடிங்க

உங்க ஊர்ல ஜெர்மன் வண்டி மட்டும் பாக்குற வெளி கராஜ் இருக்கா? சென்னை, கோயம்புத்தூர்ல இருக்கு, பிரச்சன இல்ல. திருவாரூர்லயோ தருமபுரிலயோ இருக்கீங்கன்னா ஒரு செக் இன்ஜின் லைட் எரிஞ்சாலும் வண்டிய ஃபிளாட்பெட்ல ஏத்தி அனுப்பணும், அதையும் கணக்குல சேத்துக்கோங்க. சாதா வண்டிக்கு இந்தக் கவலையே கிடையாது, தாலுகா ஊர்ல கூட ஸ்விஃப்ட்டுக்கு பிரேக் பேட் மாத்த ஆள் இருப்பாங்க.

கராஜுக்கு நேர்ல போங்க. "அண்ணே, ஏ4 டூ லிட்டர் டீசல் ஒன்னு பாத்து வெச்சிருக்கேன், வாங்குனா என்னென்ன செலவு வரும்?"னு கேளுங்க. நல்ல மெக்கானிக்னா மூஞ்சில தெரியும், ஒன்னு சிரிப்பாரு இல்ல பெருமூச்சு விடுவாரு. லிஃப்ட்ல என்னென்ன வண்டி எதுக்காக நிக்குதுன்னும் ஒரு நோட்டம் விடுங்க. ஸ்பேர் எங்கருந்து எடுக்கறாருன்னு கேட்டு வெச்சுக்கோங்க, கம்பெனி கவுண்டர் வெலைக்கும், அதே பார்ட்ட கம்பெனிக்கு செஞ்சு குடுக்குற ஆளுங்க அவங்க சொந்த டப்பால விக்குற வெலைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சென்னை புதுப்பேட்டைல, கோயம்புத்தூர் உக்கடத்துல பழைய வண்டிலருந்து கழட்டுன பார்ட்டும் வாங்கலாம், ஆனா கண்ணாடி, டோர் ட்ரிம், ஹெட்லைட் மாதிரி சமாச்சாரத்தோட நிறுத்திக்கோங்க, பிரேக்கும் ஸ்டியரிங்கும் அங்க வாங்காதீங்க.

ஸ்டெப் 3: வண்டி பேர பாக்காதீங்க, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பாருங்க

இதான் முக்கியமான ஸ்டெப்பு, இங்கதான் நிறைய பேர் கோட்ட விடுறாங்க.

பி.எம்.டபிள்யூ 320டி, 2008லருந்து 2014 வரைக்கும் வந்ததுல என்47னு ஒரு டீசல் இன்ஜின். ஓட்டுறதுக்கு அருமையான இன்ஜின், ஆனா டைமிங் செயின் (இன்ஜின் உள்ள வால்வ நேரத்துக்கு தொறந்து மூட வைக்கிற சங்கிலி) முன்னாடி இல்லாம பின்னாடி, கியர்பாக்ஸ் பக்கமா இருக்கு. செயின் தளந்து போச்சுன்னா அத மாத்த கியர்பாக்ஸ எறக்கணும், இல்லன்னா இன்ஜினையே வெளிய எடுக்கணும், செயின் செட் வெலைய விட லேபர் தான் பயமுறுத்தும், மொத்தத்துல லட்சத்த தாண்டும். அறுந்துச்சுன்னா இன்ஜினே போச்சு. அதனால காலைல இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, பானட்ட தொறந்து டேஷ்போர்டு பக்கமா, அதாவது இன்ஜினோட பின்பக்கம், காத வெச்சுக் கேளுங்க. சங்கிலிய தகரத்துல இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு வந்து ஆர்பிஎம் ஏத்துனாலும் கூடவே ஏறுச்சுன்னா நன்றி சொல்லிட்டு கெளம்பிருங்க.

2012ல வந்த த்ரீ சீரிஸ்ல இசட்எஃப் கம்பெனியோட 8 ஸ்பீடு கியர்பாக்ஸ், அது நல்ல கியர்பாக்ஸ். அதுல ஆயில் மாத்தவே வேணாம், லைஃப்டைம்னு சொல்லி வித்தாங்க. ஆனா கியர்பாக்ஸ் செஞ்ச இசட்எஃப்பே 80,000லருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்ல 8 வருஷத்துக்குள்ள மாத்தச் சொல்லுது. யாரோட லைஃப்டைம்னு யாரும் சொல்லல பாருங்க. ஃபில்டரும் அடில ஆயில் தேங்குற பிளாஸ்டிக் தட்டும் (பேன்) ஒரே பீஸ், அதனால முழு பேனையும் தான் மாத்தணும். லட்சம் கிலோமீட்டர் ஓடுன வண்டில இதுக்கு பில் இருக்கான்னு கேளுங்க, இருந்தா அந்த ஓனர் வண்டிய ஒழுங்கா வெச்சிருந்தாருன்னு ஓரளவு நம்பலாம்.

ஆடி ஏ4, 2008லருந்து 2015 வரைக்குமான ஷேப்புல டூ லிட்டர் டீசலுக்கு மல்டிட்ரானிக்னு ஒரு சிவிடி (தனித்தனி கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் குடுத்தாங்க. ஆயில் ஒழுங்கா மாத்தாத வண்டில மொதல்ல மெதுவா போகும்போது உதறும், அப்புறம் கியர் பொசிஷன் லைட்டு மின்னும், அதுக்கப்புறம் லட்சக் கணக்குல பேச வேண்டியிருக்கும். பெட்ரோல்ல 1.8 டிஎஃப்எஸ்ஐ பாக்குறீங்கன்னா இன்ஜின் ஆயில் குடிக்கும், ஆயில் டாப் அப் எத்தன கிலோமீட்டருக்கு ஒருக்கா பண்றீங்கன்னு யதார்த்தமா கேக்குற மாதிரி கேளுங்க. முன் சஸ்பென்ஷன்ல ஒரு பக்கத்துக்கு நாலு ஆர்ம், ரெண்டு பக்கமும் சேத்து எட்டு, நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கு அந்த ஆர்ம்ல இருக்க ரப்பர் புஷ் எல்லாம் எவ்ளோ நாள் தாங்கும்?

பென்ஸ் சி கிளாஸ், 2007லருந்து 2014 வரைக்குமான டபிள்யூ204 ஷேப்பு, இந்த மூணுல கொஞ்சம் நிம்மதியானதுன்னு என் அபிப்ராயம். இன்ஜெக்டரும் கியர்பாக்ஸ் எலக்ட்ரானிக்ஸும் பாக்கணும், ஆனா பாடியும் இன்டீரியரும் இன்னும் கட்டியா இருக்கும். ஏர் சஸ்பென்ஷன் வெச்ச எஸ் கிளாஸ் அதே வெலைக்கு வருதேன்னு மட்டும் தாவாதீங்க, அது வேற பட்ஜெட்டு.

சாதா வண்டில இவ்ளோ பேச ஒன்னுமில்ல, அதான் அதோட அழகே. ஸ்விஃப்ட், பலேனோ பெட்ரோல், ஐ20 பெட்ரோல், 2014க்கு அப்புறம் வந்த ஹோண்டா சிட்டி பெட்ரோல், எது எடுத்தாலும் இன்ஜின் பெருசா காலை வாராது. டிசையர், எட்டியாஸ், எக்ஸன்ட் பாக்குறப்ப மட்டும் டாக்ஸியா ஓடி ஒயிட் போர்டுக்கு மாத்துன வண்டியான்னு ஆர்சி ஹிஸ்டரில பாத்துருங்க.

ஸ்டெப் 4: பேப்பர்

நம்பர் பிளேட்ட பாருங்க. டிஎல் (டெல்லி), எச்ஆர் (ஹரியானா), பிஒய் (பாண்டிச்சேரி)னு ஆரம்பிக்கிற பிரீமியம் வண்டி தான் நம்ம பக்கம் சீப்பா கெடைக்கும். டெல்லியில 10 வருஷம் தாண்டுன டீசலுக்குத் தடைன்னு 2015லருந்தே உத்தரவு இருக்கு, அது அப்பப்ப தளர்ந்தாலும் இறுகுனாலும் அங்கருந்து வண்டிங்க தெக்க வந்துட்டே தான் இருக்கு. பாண்டிச்சேரி நம்பருக்குக் காரணம் வேற, அங்க டேக்ஸ் கம்மி. ஒரு வண்டி வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல இருந்தா அங்க நம்பர் மாத்தணும்ங்கறது மோட்டார் வாகனச் சட்டம், அப்படி மாத்துனா தமிழ்நாட்டுல லைஃப் டேக்ஸ் கட்டணும், அந்த டேக்ஸ் நீங்க வாங்குன 6 லட்சத்துக்குப் போட மாட்டாங்க, வண்டியோட புது வெலைய வெச்சு வயசுக்கு ஏத்த மாதிரி கழிச்சுப் போடுவாங்க. 40 லட்ச ரூபா வண்டின்னா என்ன ஆகும்னு பாத்துக்கோங்க. பழைய ஆர்டிஓல என்ஓசி (வண்டிய வேற மாநிலத்துக்கு மாத்த ஆட்சேபன இல்லன்னு தர்ற பேப்பர்) வாங்கிக் குடுக்குறது விக்குறவரோட பொறுப்புன்னு மொதல்லயே பேசிருங்க, "வாங்கிக்கலாம் சார், நம்ம ஆள் இருக்காரு"ங்கறத நம்பி முழு காச குடுக்காதீங்க.

எம்பரிவாஹன் ஆப்புல நம்பரப் போட்டு எத்தனாவது ஓனர், லோன் இருக்கா, இன்சூரன்ஸ் உயிரோட இருக்கா, ஆர்சி எது வரைக்கும்னு பாருங்க. 15 வருஷம் நெருங்குற வண்டின்னா அடுத்து எஃப்சி எடுத்து ரினிவல் பண்ணணும். சலான் பாக்கி இருந்தா கழிச்சுப் பேசுங்க.

ஸ்டெப் 5: நேர்ல பாக்குறது

போறதுக்கு முன்னாடியே "நான் வந்தப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க"ன்னு சொல்லிருங்க. போனதும் பானட் மேல கை வெச்சுப் பாருங்க, சூடா இருந்தா ஏதோ ஒன்ன மறைக்கறாங்க.

அடுத்தது தண்ணி. 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் சென்னைல எத்தன வண்டி முங்குச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், அதுல நிறைய கழுவி காயவெச்சு திரும்ப மார்க்கெட்டுக்கு வந்துச்சு. டிரைவர் சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க, எப்பவும் உள்ளயே சுருண்டிருக்குற அந்தக் கடைசி ஒரு அடி துணில சேத்து மண் கறை கோடா இருந்தா அது மழைத்தண்ணி இல்ல, வெள்ளத் தண்ணி. சீட்ட முன்ன பின்ன தள்ளி அடில ரெயில்ல துரு இருக்கான்னு பாருங்க. டிக்கில கார்ப்பெட்ட தூக்குங்க, த்ரீ சீரிஸ்ல பேட்டரியே டிக்கில தான் இருக்கு. சாதா வண்டி முங்குனா ஒரு மாதிரி தேத்தலாம், சீட்டுக்கு அடில, கார்ப்பெட்டுக்கு அடில எல்லாம் கன்ட்ரோல் யூனிட் வெச்சிருக்க ஜெர்மன் வண்டி முங்குனா மாசத்துக்கு ஒரு லைட்டு எரியும்.

கிலோமீட்டர் கொறைக்கறது சர்வ சாதாரணம். 2012 டீசல் வண்டி 48,000 தான் ஓடிருக்குன்னு சொன்னா "டாக்டர் வண்டி சார், கிளினிக்குக்கு மட்டும் தான் எடுப்பாரு"ன்னு ஒரு கதையும் கூடவே வரும், தமிழ்நாட்டுல இவ்ளோ டாக்டர் எங்க இருக்காங்கன்னு தெரியல. சேஸ் நம்பர வெச்சு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஹிஸ்டரி கேளுங்க, ஓனர கூட கூட்டிட்டுப் போனா குடுப்பாங்க. அப்புறம் ஸ்டெப் 2ல பிடிச்ச மெக்கானிக்கிட்ட வண்டிய எடுத்துட்டுப் போயி ஸ்கேனர் போட்டு, லிஃப்ட்ல ஏத்தி அடில ஆயில் கசிவு, ஆர்ம் புஷ், எல்லாம் பாக்கச் சொல்லுங்க. அவருக்கு சில ஆயிரம் குடுக்க வேண்டி வரும், தயங்காதீங்க. விக்குறவரு ஸ்கேனருக்கு ஒத்துக்கலன்னா அங்கயே பேச்ச முடிச்சுக்கலாம்.

டயரையும் பாருங்க. பி.எம்.டபிள்யூல பெரும்பாலும் ரன் ஃபிளாட் டயர், ஸ்டெப்னியே இருக்காது. நாலும் தேஞ்சிருந்தா அந்த வெலைய விசாரிச்சு பேரத்துல எறக்குங்க.

ஸ்டெப் 6: இன்சூரன்ஸ், லோன்

2022ல நிர்ணயிச்ச ரேட்டு படி தேர்ட் பார்ட்டி பிரீமியம் 1000 சிசிக்குள்ள 2,094 ரூபா, 1500 சிசி வரைக்கும் 3,416, அதுக்கு மேல போனா 7,897. அது போக வண்டிக்கான பிரீமியம் தனி. பெரிய பிரச்சன பம்பர் டு பம்பர் (பார்ட்டோட தேய்மானத்த கழிக்காம கிளெய்ம் தர்ற இன்சூரன்ஸ்) தான், 10 வருஷம் தாண்டுன வண்டிக்கு அது கெடைக்கறதே கஷ்டம். அது இல்லாம கிளெய்ம் பண்ணா பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பார்ட்டுக்கு பாதி காசு உங்க கையில இருந்து, 10 வருஷத்துக்கு மேலன்னா இரும்பு பார்ட்டுக்கும் பாதி. ஸ்விஃப்ட் பம்பருல பாதியும் பென்ஸ் பம்பருல பாதியும் ஒன்னா? லோனும் இவ்ளோ பழைய வண்டிக்கு பெரும்பாலும் குடுக்க மாட்டாங்க, குடுத்தாலும் வட்டி தாளிச்சிருவாங்க.

ஸ்டெப் 7: ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரூட்டு

பெருசா, சொகுசா வேணும் ஆனா ராத்திரி தூக்கமும் வேணும்னா டொயோட்டா கொரோல்லா ஆல்டிஸ் 1.8 பெட்ரோல், பழைய ஹோண்டா அக்கார்டு இதையும் தேடிப் பாருங்க. லோகோவுக்கு விசிலடிக்க யாரும் இருக்க மாட்டாங்க, ஆனா ஹைவேல 100ல போகும்போது உள்ள அமைதியா இருக்கும். ஸ்கோடா ஆக்டேவியா, சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ எடுத்தா 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ நல்லா சோதிச்சு எடுங்க, கியர் மாத்துறத கன்ட்ரோல் பண்ற மெக்கட்ரானிக் யூனிட் தான் அதுல வீக் பாயிண்ட்.

என்னக் கேட்டா, வீட்ல இருக்கப் போறது ஒரே கார், தெனமும் ஆபீஸுக்கு அதுலதான், ஊருல ஜெர்மன் கராஜும் இல்லன்னா சாதா வண்டிதான், யோசிக்கவே வேணாம். ரெண்டாவது வண்டி, வீக்கெண்டுக்கு மட்டும், அந்த 2.5 லட்சமும் தனியா இருக்குன்னா டபிள்யூ204 சி கிளாஸ் பெட்ரோல் ஒன்ன நான் மொதல்ல தேடுவேன். இன்னொன்னு, 2025 செப்டம்பர் 22லருந்து சின்ன வண்டிக்கு ஜிஎஸ்டி 28லருந்து 18 ஆச்சு, புது வண்டி வெலையே எறங்கிருக்கு, பழைய வெலைய சொல்லி இன்னும் செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் விக்குறவங்ககிட்ட அத ஞாபகப்படுத்துங்க.

எதுன்னாலும் முடிவு பண்ணியாச்சுன்னா பேர் மாத்துறதுக்கான ஃபார்ம் 29, 30ல கையெழுத்து, லோன் இருந்த வண்டின்னா பேங்க் என்ஓசியும் ஆர்சில இருந்து லோன நீக்குற ஃபார்ம் 35ம் வாங்கிட்டு தான் மீதிக் காச குடுக்கணும். 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸ உங்க பேருக்கு மாத்திருங்க. மொத வாரத்துலயே இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட் மாத்திருங்க, விக்குறவரு "போன மாசம் தான் சர்வீஸ் பண்ணேன்"னு சொல்லிருந்தாலும்.