தேடிய புத்தகம் ஏன் கிடைக்கவில்லை? அளந்து பார்க்க ஒரு வழி

“நூலகச் சேவை திருப்தியா?” என்று கேட்டால் பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நூலக ஆய்வாளர் பால் கேன்டர் 1976-இல் முன்வைத்த கிளைமுறை உருப்படியானது: புத்தகம் கிடைக்காத காரணங்களை ஒவ்வொரு படியாகப் பிரித்து அளப்பது.

வாசலில் சீட்டு கொடுங்கள்: தலைப்பு, ஆசிரியர், கிடைத்ததா. கிடைத்ததையும் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வகுக்க மொத்தமே இருக்காது. கிடைக்காததை அரை மணி நேரத்துக்குள் ஊழியர் அலமாரிக்கே போய்ப் பார்க்க வேண்டும். மறுநாள் பார்த்தால் இரவல் போன புத்தகம் திரும்பியிருக்கும்; பழி வாசகர் தலையில் விழும்.

காரணத்தை இந்த வரிசையிலேயே பிரியுங்கள்: வாங்கவே இல்லை, இரவலில் உள்ளது, இடம் மாறிக் கிடக்கிறது, வாசகர் கண்ணில் படவில்லை.

ஒவ்வொரு படியிலும் முந்தைய படியில் மிஞ்சியதால் மட்டும் வகுங்கள். உதாரணத்துக்கு 400 தேடலில் 40 வாங்காதவை: 360/400 = 0.90. அடுத்து 54 இரவல்: 306/360 = 0.85. இடம் மாறியவை 34: 272/306 = 0.89. வாசகர் தவறவிட்டவை 32: 240/272 = 0.88. நான்கையும் பெருக்கினால் 0.60; அதாவது 400-இல் 240 தேடல்தான் பலித்தது.

பலரும் எல்லாவற்றையும் 400-ஆல் வகுத்துவிடுவார்கள். அப்போது வாசகர் தவறவிடுவது 12-க்குப் பதில் 8 சதவீதமாகத் தெரியும். வழிகாட்டிப் பலகை சரியில்லை என்பது யாருக்கும் உறைக்காது. 100 சீட்டோடு நிறுத்தினாலோ பிழை வரம்பு ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளி, இரு பக்கமும்.