ரெக்கார்டு நோட்டைத் திறந்ததும் பினாங்குக்குப் போய்விடுகிறவர்களுக்கு

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஏழு மணிக்கு இயற்பியல் ரெக்கார்டு நோட்டோடு உட்கார்ந்தேன். இடது பக்கம் பென்சிலில் படமும் அட்டவணையும்; வலது பக்கம் பேனாவில் நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை. ஒன்பது மணிக்கு அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது வலது பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'நோக்கம்: நிறமாலைமானியைப் பயன்படுத்தி முப்பட்டகப் பொருளின் ஒளிவிலகல் எண்ணைக் காணல்.' அந்த இரண்டு மணி நேரமும் நான் திருச்சியில் இல்லை. மலேசியாவில், பினாங்குத் தீவுக்குப் படகு கிளம்புகிற பட்டர்வொர்த்தில் ஃபெரிக்கு நின்றுகொண்டிருந்தேன்.

மே மாதம் பத்து நாள் அங்கிருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போய்வந்தோம். எனக்கு அதுதான் முதல் பாஸ்போர்ட், முதல் விமானம். பிளஸ் டூ தொடங்கிய பிறகும் மனசு அங்கேயே தங்கிவிட்டது. இப்போது முக்கால்வாசி தேறிவிட்டேன். எப்படி என்று கேட்கிற தோழிகளுக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதல் வேலை, எந்த இடத்தில் கிளம்பிப் போகிறீர்கள் என்று குறித்துவையுங்கள். நான் ஒரு வாரம் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன். பினாங்கு ஞாபகம் வந்த ஒவ்வொரு முறையும், அதற்கு முந்தைய நொடி கை என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு வார்த்தை. செய்முறையைப் பார்த்து எழுதும்போது ஒரு தடவைகூடப் போகவில்லை. வரலாற்றுப் பாடம் போல அதுவும் சலிப்பான வேலைதான், ஆனாலும் போகவில்லை. கிளம்பியதெல்லாம் அட்டவணைக்கு வந்ததும்தான். அதிலும் சிறும திசைமாற்றக் கோணத்துக்கு, அதாவது முப்பட்டகம் ஒளிக்கதிரைக் குறைந்தபட்சம் எவ்வளவு திருப்புகிறது என்கிற இடத்துக்கு, வந்தபோதுதான்.

என்ன சிக்கல் என்றால், நிறமாலைமானியின் வட்ட அளவுகோலில் கோணத்தைப் படிக்க இரண்டு வெர்னியர்கள் உண்டு. முப்பட்டகம் இல்லாமல் நேராக வரும் கதிருக்கு வெர்னியர் ஒன்றில் 345 டிகிரி 10 நிமிடம் எடுத்திருந்தேன். சிறும திசைமாற்ற நிலையில் 25 டிகிரி 10 நிமிடம். கழித்தால் 320. வெர்னியர் இரண்டில் அதே வேலையைச் செய்தால் 165-க்கும் 205-க்கும் நடுவே அழகாக 40 டிகிரி. ஒரே கதிர், ஒரே முப்பட்டகம், இரண்டு கோணம். 320-ஐ வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால் ஒளிவிலகல் எண் மைனஸில் வருகிறது. லேபில் அளவீட்டையே தப்பாக எடுத்துவிட்டேன், முதலிலிருந்து செய்ய வேண்டும், சார் திட்டுவார் என்று நினைத்த அடுத்த நொடியே பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளில் பாதி ஏறியாயிற்று.

திங்கள்கிழமை என் பெஞ்ச்காரியிடம் காட்டினேன். அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "ஏய், பூஜ்யத்தைத் தாண்டியிருக்குடி. 360-லேருந்து கழி." வட்ட அளவுகோல் 360-ல் முடிந்து மறுபடி பூஜ்யத்தில் தொடங்குகிறது; 360-லிருந்து 320-ஐக் கழித்தால் 40. ஒளிவிலகல் எண் 1.532. கண்ணாடிக்கு வர வேண்டிய எண்தான். இதற்காக நான் ஒரு வாரம் மலேசியாவில் இருந்திருக்கிறேன்.

அதனால் ஞாபகம் இழுக்கிறபோது பயணத்தைத் திட்டாதீர்கள். நோட்டில் எந்த வரியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு கேள்வி ஒளிந்திருக்கும். அதைக் கேள்வியாகவே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, நாளைக்கு யாரிடம் கேட்பது என்று பெயரும் போட்டு, அந்த அட்டவணையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

அடுத்தது செல்போன். மாதிரி ரெக்கார்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்து எழுதுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் போதும், சர்க்யூட் படம் போய் கெக் லோக் சி கோயில் வந்துவிடும். இதற்கு மனவுறுதி எல்லாம் வேண்டாம். தெருமுனைக் கடையில் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். போன் அப்பாவிடம் இருக்கட்டும்.

என் விஷயத்தில் கைக்கடிகாரமும் ஒரு குற்றவாளி. மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். திரும்பி வந்தும் முள்ளை மாற்றாமல் வைத்திருந்தேன். மணி பார்க்கும்போதெல்லாம் 'பெரியம்மா இப்போது கடை கட்டியிருப்பார்' என்று கணக்குப் போடுவதில் ஒரு சந்தோஷம். மாற்றியபோது கொஞ்சம் அழுகை வந்தது, உண்மையைச் சொன்னால். மாற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஞாபகம் வரும். அப்போது அதை விரட்டாமல் எழுதிவிடுவதுதான் எனக்குப் பலித்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்று, பத்து நிமிடம், ஒரே ஒரு காட்சி. 'பினாங்கு சூப்பராக இருந்தது' என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை, அரிப்பு நிற்காது. கண்ணில் பட்டதை எழுத வேண்டும். நான் எழுதியதில் ஒன்று:

'படகு கிளம்பியதும் டீசல் வாடை. பெரியம்மா துப்பட்டாவால் காதைச் சுற்றிக்கொண்டார். எதிர்க்கரையில் கொம்தார் கட்டடம் மட்டும் தனியாக உயரமாக நின்றது. தம்பி மாடிகளை எண்ண ஆரம்பித்து 31-ல் குழம்பி, திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினான். எண்ணி முடிப்பதற்குள் கரை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தாத்தா என்னிடம் "பசியாறியாச்சா?" என்றார். காலைச் சாப்பாட்டை அங்கே எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். எங்கள் பாட்டிகூட இப்போது சொல்லாத வார்த்தை.'

எழுதிய பிறகு இந்தப் படகு என்னைத் தொந்தரவு செய்வதில்லை. பினாங்கு மலை ரயிலும் அப்படியே போயிற்று. 1923-ல் ஓட ஆரம்பித்த பாதை, இப்போது புதுப் பெட்டிகள். அது செங்குத்தாக ஏறும்போது அம்மா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டது உட்பட ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

எழுதியும் அடங்காதது ஒன்று உண்டு. நாசி கண்டார். காவடி போலத் தோளில் கம்பு போட்டு, இரண்டு பக்கமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் தமிழ் முஸ்லிம்கள் தெருத்தெருவாக விற்ற சாப்பாடு அது. இப்போது கடைகளில், சோற்றின் மேல் நாலைந்து குழம்பைக் கலந்து வெள்ளமாக ஊற்றுகிறார்கள். இதைப் பற்றி எழுத எழுதப் பசிதான் கூடியது. இந்த வகை ஞாபகத்துக்கு மருந்து வேறு: சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். ஏழு மணிக்கு உட்கார்ந்ததுதான் என் தப்பு. இரண்டு தோசைக்குப் பிறகு எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பாதி பினாங்கு காணாமல் போகிறது.

பலிக்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா டைமர் வைத்துக் கொடுத்தார். மீதி எத்தனை நிமிடம் என்று பார்ப்பதே ஒரு வேலையாகிவிட்டது. 'ஒரு சோதனை முடித்தால் பத்துப் போட்டோ பார்க்கலாம்' என்று நானே பரிசு வைத்துக்கொண்டேன். முதல் நாளே பரிசை முன்பணமாக வாங்கிவிட்டேன். அம்மாவின் "இதுக்குத்தான் கூட்டிட்டுப் போனேனா" பற்றி எதுவும் சொல்லாமல் விடுவது நல்லது.

முப்பட்டகத்துக்கு சார் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்றைக்கு அடுத்த ஒளிச் சோதனை, கீற்றணி. சோடியம் விளக்கு வரைக்கும் படம் வரைந்தாயிற்று, அட்டவணையில் இரண்டு வரி பாக்கி. சற்று முன் அப்பா கூடத்திலிருந்து, பெரியம்மா ஏதோ வீடியோ அனுப்பியிருக்கிறார், படகு மாதிரி இருக்கிறது என்றார். ஒன்பது மணிக்குப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது எட்டே முக்கால்.