இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறீர்களா? புதியதைப் பின்னால் போடுங்கள்

ஐப்பசி மழையில் திம்பம் மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். 27 கொண்டை ஊசி வளைவுகளில் அது எத்தனையாவது என்று நினைவில்லை. காரின் முன்பக்கம் நான் திருப்பிய வழியில் போனது; பின்பக்கம் மட்டும் வழுக்கிக்கொண்டு ஓரச்சுவரைப் பார்க்கப் போனது. பின் இருக்கையில் இருந்த அப்புச்சி "பண்ணாரித் தாயே!" என்று கத்தியதுதான் காதில் விழுந்தது. நல்லவேளை, எதிரில் லாரி எதுவும் வரவில்லை. இத்தனைக்கும் முன் டயர் இரண்டும் போட்டு நான்கே நாள்தான் ஆகியிருந்தது.

தவறு எங்கே தொடங்கியது என்று பின்னால்தான் விளங்கியது. அதற்கு முந்தைய மாதம் காரணம்பேட்டைப் பக்கம் கல்குவாரிச் சாலையில் முன் இடது டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டது. பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். அதே அளவில் வேறு கம்பெனி டயர் ஒன்றே ஒன்று வாங்கிப் போட்டேன். பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. சரி என்று அதே டயரில் இன்னொன்று வாங்கி, ஜோடியாக முன்னால் போட்டேன். இழுப்பு நின்றது. திம்பம் அதற்குப் பிறகு நடந்தது.

முதலில் அளந்து பாருங்கள்

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகள், தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்று பொருள். சட்டம் அனுமதிக்கும் எல்லை அதுதான். என் கணக்கு வேறு. மழைக்காலத்தில் வால்பாறை, கோத்தகிரி என்று மலை ஏறுகிறவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். ஆழம் குறையக் குறைய, டயருக்கு அடியில் சிக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் போகிறது. பட்டன் ஆழம் அளக்கும் சிறு கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விரலை வைத்துப் பார்த்து "இன்னும் ஐயாயிரம் ஓடும்" என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

எதைக் கலக்கலாம், எதைக் கலக்கக் கூடாது

நான்கும் ஒரே கம்பெனியாக இருந்தால் நல்லது. முடியாவிட்டால், ஒரே அச்சில் இருக்கும் இரண்டுமாவது ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி என்றால் பாதகமில்லை. இடது ஒன்று, வலது வேறொன்று என்பதுதான் வம்பு. ரப்பரும் பட்டன் வடிவமும் மாறினால் ஈரச்சாலையில் இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடிக்காது.

அளவு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். என் காருக்கு 165/80 ஆர்14 85டி. இதில் 85 என்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. இவை இரண்டும் கார் கையேட்டில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் நான்கையும் ஒன்றாகவே மாற்றுங்கள். அங்கே சுற்றளவில் சிறு வித்தியாசம் இருந்தாலும் கியர் பகுதிக்குக் கேடு.

பக்கச்சுவரில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, குனிந்து பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

நான் சறுக்கிய இடம்

முன் சக்கரம் இழுக்கும் கார்களில் முன் டயர்தான் சீக்கிரம் தேயும். அதனால் புதியதை முன்னால் போடுவதுதான் முறை என்று கடைக்காரரும் நினைத்தார், நானும் நினைத்தேன். ஈரத்தில் முன் டயர் பிடி விட்டால் வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். பின் டயர் பிடி விட்டால் வண்டியே சுழலும். அதைச் சமாளிக்கும் கைப்பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை, எனக்கும் இல்லை. அன்று பின்னால் இருந்தவற்றை வீட்டுக்கு வந்து அளந்தேன்: 2 மில்லிமீட்டர்.

ஆகவே புதிய ஜோடி பின்னால், பழைய ஜோடி முன்னால். கடையில் "முன்னாடி போட்டால்தானுங்க ஸ்டீயரிங் நல்லா இருக்கும்" என்பார்கள். "இல்லைங்கண்ணா, பின்னாலேயே போடுங்க" என்று நின்றுகொள்ளுங்கள். அந்த 2 மில்லிமீட்டர் ஜோடியைப் பொங்கலுக்குள் தூக்கி எறிந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாட்டிய பிறகு

ஜாக்கி வைப்பதை எல்லாம் விளக்கப் போவதில்லை. பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் சுழலும் திசை அதுதானா என்று பாருங்கள். நட்டுகளை எதிரெதிராக முடுக்கச் சொல்லுங்கள். காற்றுத் துப்பாக்கியால் முழுக்க முடுக்குவது எனக்குப் பிடிக்காது. கடைசி முடுக்கு, எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முடுக்கும் டார்க் ஸ்பேனரால், கையேட்டில் உள்ள அளவுக்கு. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். காற்று, டயர் குளிர்ந்திருக்கும்போது. முதல் 200, 300 கிலோமீட்டர் நிதானம்; புது டயரின் மேல்தோல் கொஞ்சம் வழுக்கும்.

பிறகு சேர்த்தது

படித்துவிட்டு இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "ஸ்டெப்னி புதுசாகவே இருக்கிறது, ஒரு டயர் மட்டும் வாங்கி அதோடு ஜோடி சேர்க்கலாமா?" அதே மாடலாக இருந்து, செய்த ஆண்டும் பக்கத்தில் இருந்தால் சேர்க்கலாம். எட்டு வருடம் டிக்கியில் கிடந்தது என்றால் வேண்டாம். ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஸ்டெப்னியின் அளவே சிறியதாக இருக்கும் கார்களும் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் இருக்கும் என் பெரியப்பா மகன் குளிர்கால டயரைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டான். 7 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் இறுகாத ரப்பர் அது. மலையும் பனிப்பூவும் வரைந்த முத்திரை இருக்கும். 4 மில்லிமீட்டருக்கு வந்தாலே அங்கே மாற்றச் சொல்கிறார்களாம். நம் ஊருக்கு, ஊட்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அது தேவையில்லை. பழைய டயர் விற்கும் இடத்தில் அந்த முத்திரையோடு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். கரூர் வெயிலில் அழிரப்பர் மாதிரி தேய்ந்துபோகும்.