சிங்கப்பூர் – நியூயார்க்: வான்தொலைவையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

இரண்டு ஊர்களுக்கு இடையிலான வான்தொலைவைக் கைப்பேசி நொடியில் சொல்லிவிடும். ஆனாலும் ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் பூமி உருண்டை என்பதன் முழுப்பொருள் பிடிபடும் என்பது என் உறுதியான எண்ணம். இடைநில்லா விமானப் பயணங்களில் மிக நீண்டவற்றுள் ஒன்றான சிங்கப்பூர் – நியூயார்க் வழியை எடுத்துக்கொள்வோம்.

முதலில், சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தை ஒதுக்கிவிடுங்கள். துருவங்களை நெருங்க நெருங்க நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும் அந்தப் படத்தில் அடிக்கோலை வைத்து அளந்தால் விடை தவறாகவே வரும். 30 செ.மீ. குறுக்களவுள்ள உலக உருண்டை ஒன்றில் இரு நகரங்களையும் தொடுமாறு ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். அந்த நூல் கிழக்கிலோ மேற்கிலோ செல்லாமல், மங்கோலியா, சைபீரியா வழியே மேலேறி, வட துருவத்துக்கு மிக அருகே சென்று, கனடாவின் மேல் இறங்கும். உருண்டையின் சுற்றளவு ஏறத்தாழ 94 செ.மீ.; பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ.; ஆகவே நூலின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் சுமார் 425 கி.மீ. ஆகும். நூல் 36 செ.மீ. வந்தால் தொலைவு 15,300 கி.மீ.

அடுத்து, இதையே எண்களால் சரிபார்ப்போம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வடக்கு அட்சரேகை 1.4 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும் உள்ளது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் வடக்கு 40.6, மேற்கு 73.8. தீர்க்கரேகைகளைக் கூட்டினால் 177.8 வருகிறது; இது 180-ஐ ஒட்டியிருப்பதால், இரு நகரங்களும் துருவத்துக்கு ஏறக்குறைய நேரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. எனவே நேர்வழி துருவத்தை ஒட்டியே செல்லும். துருவத்தின் அட்சரேகை 90 பாகை; அதிலிருந்து கழித்தால் சிங்கப்பூரிலிருந்து துருவம்வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்வரை 49.4 பாகை, ஆக மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் பெருக்கினால் 15,346 கி.மீ. கிடைக்கும். தீர்க்கரேகை வேறுபாடு 180-ஐ ஒட்டி அமையாத நகரங்களுக்கு இந்தக் குறுக்குவழி பொருந்தாது. அவற்றுக்கு நூலே போதும்.

இனி நேரம். பெரிய பயணிகள் விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறப்பதாகக் கொண்டால் 17 மணி நேரம். ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் பதினேழரை. பயணச்சீட்டிலோ பதினெட்டரைக்கு மேல் இருக்கும். கணக்கு பிழைத்துவிட்டதோ என்று கலங்க வேண்டாம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் கடுங்காற்றைத் துணைக்கொள்வதற்காக, தொலைவு கூடினாலும் விமானங்கள் பெரும்பாலும் பசிபிக் வழியாகவே நியூயார்க்குக்குப் பறக்கின்றன.

கடைசியாக உள்ளூர் நேரம். குளிர்காலத்தில் நியூயார்க் சிங்கப்பூருக்கு 13 மணி நேரம் பின்தங்கியிருக்கும், கோடையில் 12. சனவரியில் ஒரு திங்கட்கிழமை அதிகாலை 1 மணிக்குப் புறப்பட்டுப் பதினெட்டரை மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் இரவு 7.30; அதிலிருந்து 13 மணி நேரத்தைக் கழித்தால், நீங்கள் இறங்கும்போது நியூயார்க்கில் அதே திங்கட்கிழமை காலை 6.30.