புளியங்கொட்டைக் கணக்கு: கண்டிக்குப் போனவர்களின் கதையை வகுப்பில் நடத்துவது எப்படி?

துறையூர்ப் பக்கம் ஆறு ஆண்டுகள் வரலாறு நடத்திவிட்டு, பணிமாறுதலில் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் வந்தேன். துறையூரில் ‘கண்டி’ என்று சொன்னால், “எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் கண்டிக்குப் போனவர், திரும்பவே இல்லை” என்று யாராவது ஒரு பிள்ளை பெருமையாக எழுந்து நிற்கும். கூடலூரில் அதே சொல்லுக்குப் பாதி வகுப்பு தலையைக் குனிந்துகொண்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். போன முனையில் அது கதை. திரும்பி வந்த முனையில் அது வசை. ‘சிலோன்காரன்’ என்று இன்றும் மைதானத்தில் கூப்பிடுகிறார்கள்.

இரண்டு முனைகளையும் பார்த்த பிறகு, ஒன்பதாம் வகுப்புக்கு ஐந்து பாடவேளைகளில் இதை நடத்த ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டேன். நான்கு ஆண்டுகளாக அடித்துத் திருத்திய முறை. செலவு, ஒரு டப்பா புளியங்கொட்டை.

முதல் ஆண்டு செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பையனை எழுப்பி, “உன் தாத்தா எந்த ஆண்டு வந்தார்? சொல்” என்றேன். நல்ல எண்ணத்தில்தான் கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அவன் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. எந்தப் பிள்ளையையும் பாடத்துக்குச் சான்றுப்பொருளாக எழுப்பி நிறுத்தாதீர்கள். வீட்டுக் கதை தானாக வரட்டும். நடுவில் ஒரு கணக்கை வைத்துவிட்டால் பெரும்பாலும் தானாக வந்துவிடுகிறது.

முதல் வேளை: ஊரிலிருந்து தொடங்குங்கள்

பாடநூல்கள் கப்பலில் தொடங்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தோட்டத்துக் கொடுமைகளைச் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் ஒரே குரலில், “ஏமாந்துவிட்டார்கள் டீச்சர்” என்றார்கள். தம் முன்னோரைப் பற்றி அவர்களே சொன்ன தீர்ப்பு அது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. குற்றம் அவர்களுடையது அல்ல, நான் கதையைத் தொடங்கிய இடம் தவறு.

இப்போது ஊரில் தொடங்குகிறேன். என் வகுப்பில் 39 பேர். ஒருவர் துரை, அதாவது தோட்டத்து வெள்ளைக்கார அதிகாரி. ஒருவர் கணக்கப்பிள்ளை, ஒருவர் ஊர் வட்டிக்காரர், மூன்று பேர் ஊரில் ஆள் சேர்த்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகும் கங்காணிகள். மீதி 33 பேரும் கூலிகள். முதல் வேளையில் துரைக்கும் கங்காணிகளுக்கும் வேலை இல்லை. சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஒவ்வொரு கூலியும் ஐந்து கொட்டைக் கடனோடு தொடங்குகிறார். ஒரு சுற்றுக்குக் கூலி இரண்டு கொட்டை, சாப்பாட்டுக்கு மூன்று. குறையும் ஒன்றை வட்டிக்காரரிடம் எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்து சுற்றில் கடன் பத்தாகிவிடும். ஆறாவது சுற்றில் கரும்பலகையில் ‘1876’ என்று எழுதுகிறேன். மழை இல்லை, கூலி இல்லை, தானிய விலை ஏறிச் சாப்பாட்டுக்கு ஐந்து கொட்டை. கடன் பதினைந்து. எண்கள் விளையாட்டுக்காக நான் வைத்தவை என்பதைச் சொல்லிவிடுங்கள். பஞ்சம் மட்டும் மெய். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் செத்தார்கள். அதே ஆண்டுகளில் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியும் ஆனது. இதைச் சொல்லும்போது வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். அந்த அமைதியைப் பேசி நிரப்ப வேண்டாம்.

இதோடு, கணக்கில் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். போனவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி. ஊரில் அவர்களுக்கு நிலம் கிடையாது, பண்ணையாரின் சொல்லைத் தாண்டி வேறு வேலைக்குப் போவதும் எளிதல்ல. வாய்ப்பைத் தேடிப் போவது என்கிறோமே, அதில் பாதி தப்பித்துப் போவது. சாதி கூடவே கப்பலேறியது என்பதை மூன்றாம் வேளையில் சொல்லலாம். கங்காணி பெரும்பாலும் மேலே இருந்த சாதி, ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைக்கூடச் சாதி பார்த்துத்தான் பிரித்தார்கள்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கங்காணிகளை எழுப்புங்கள். “கடனை நான் அடைக்கிறேன், வழிச்செலவு நான் தருகிறேன், வருகிறாயா?” என்று அவர்கள் கேட்கட்டும். நான்கு ஆண்டுகளில் ‘வரமாட்டேன்’ என்றவர்கள் இரண்டே பேர். ‘ஏமாந்தார்கள்’ என்ற சொல்லை அதன் பிறகு நான் கேட்கவில்லை.

இரண்டாம் வேளை: வழி

இதை விரைவாக முடித்துவிடலாம். ஒரு வரைபடமும் கொஞ்சம் தையல் நூலும் போதும். 1815-ல் கண்டி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1820-களில் கம்பளைப் பக்கம் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1840-ல் ஒரு சட்டம் போட்டு, உரிமைப் பத்திரம் காட்ட முடியாத மலைநிலங்களை அரசு தன்னுடையதாக்கித் தோட்டக்காரர்களுக்கு விற்றது. இதை விட்டுவிடாதீர்கள். மலை சும்மா கிடக்கவில்லை, கண்டிச் சிங்களக் குடியானவர்களுக்கு அது மேய்ச்சலும், காட்டை வெட்டி எரித்து இடம் மாற்றிப் பயிரிடும் சேனைப் பயிரும். “அவர்களே ஏன் தோட்டத்தில் வேலை செய்யவில்லை?” என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். தமக்கென்று வயல் வைத்திருந்தவர் அடுத்தவன் தோட்டத்தில் ஆண்டு முழுதும் ஏன் கூலிக்கு நிற்க வேண்டும்? கூலிக்குக் கடல் கடந்து ஆள் தேடிய காரணம் அதுதான். இதைப் புரியவைத்துவிட்டால் சிங்களவர் மீது பொத்தாம்பொதுவாக வெறுப்பைக் கொட்டும் பேச்சு வகுப்பில் தானாகக் குறையும்.

இராமநாதபுரக் கரையில் தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை 200 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023-ல் அந்தத் தோட்டத் தமிழரின் வழிவந்த மலையகத் தமிழர், முன்னோர் வந்த 200-ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். நூலை வரைபடத்தில் வைத்து அளந்து, கூடலூரிலிருந்து அந்தத் தொலைவு எந்த ஊர்வரை போகும் என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

காப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பத்து நிமிடம் வையுங்கள். காப்பி பருவப் பயிர். ஆட்கள், பெரும்பாலும் ஆண்கள், பறித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். 1869-ல் காப்பி இலையைத் துருநோய் பிடித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டக்காரர் கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து எடுக்க வேண்டும், பெண்களின் கை வேண்டும். ஆகவே குடும்பமாகப் போய்த் தங்கினார்கள். ‘ஏன் திரும்பவில்லை’ என்ற கேள்விக்கு ஒரு செடியின் இயல்பும் விடை என்பது பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகிறது. கூடலூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. சன்னலுக்கு வெளியே அதுதான் தெரிகிறது.

மூன்றாம் வேளை: துண்டு

இந்தப் பாடத்தின் உயிர் இங்கே இருக்கிறது. நாற்பது நிமிடம் போதாது. கணக்கு ஆசிரியரிடம் கெஞ்சி அடுத்த வேளையையும் வாங்கிவிடுவேன்.

ஒவ்வொரு கங்காணிக்கும் பதினொரு ஆட்கள். ஆளுக்கு ஊர்க்கடன் பதினைந்து, வழிச்செலவு பத்து, கம்பளியும் துணியும் ஐந்து, ஆக முப்பது. தோட்டத்தில் கால் வைக்கும்போதே முப்பது கொட்டைக் கடன். ஒரு சுற்று உழைத்தால் நான்கு கொட்டை. அரிசிக்கும் பிறவற்றுக்கும் கணக்கப்பிள்ளை மூன்றைப் பிடித்துக்கொள்வார். ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு சுற்றில் காய்ச்சல் வரும். அன்று கூலி இல்லை, அரிசிக்கு மூன்று மட்டும் கடனில் ஏறும். பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வந்து நின்ற ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்கு ஒரு கொட்டை தலைக்காசு.

பத்துச் சுற்று முடிந்ததும் எண்ணச் சொல்லுங்கள். கூலியின் கடன் முப்பதிலிருந்து இருபத்து நான்குக்கு இறங்கியிருக்கும். கங்காணியின் டப்பாவில் 99 கொட்டை. கங்காணியாக இருந்த பிள்ளை முதலில் குதிப்பான், பிறகு நண்பர்களின் முகத்தைப் பார்த்து டப்பாவை மேசைக்கு அடியில் வைப்பான். கங்காணிகளை வில்லனாக்கிவிட்டு நகராதீர்கள். துரையிடம் முன்பணம் வாங்கியவர் அவர். ஆள் ஓடிப்போனால் கடன் அவர் தலையில். சிலர் திரும்பி வந்து ஊரில் நிலமும் வாங்கினார்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த ஊர்க்காரர்கள் போனார்கள். வாய்ப்பு என்பது பொய்யல்ல, ஆனால் அது எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. இதை நான் சொல்லத் தேவையில்லாமல் டப்பாக்களே சொல்லிவிடும்.

ஆறாவது சுற்றில் ஒரு வேலை செய்வேன். பக்கத்துத் தோட்டத்துத் துரையாக நானே வந்து, ஒரு கங்காணியை நல்ல விலை பேசி அழைப்பேன். அவருடைய பதினொரு ஆட்களுக்கும் எவ்வளவு கடன் என்று பழைய துரை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அதுதான் துண்டு. அந்தத் தொகையைக் கட்டிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவேன். போன ஆண்டு ஒரு மாணவி பாதி வழியில் நின்று, “என்னை யாரும் கேட்கவே இல்லையே டீச்சர்” என்றாள். இருபது பக்கப் பாடத்தில் என்னால் சொல்ல முடியாததை அவள் சொன்னாள். கரும்பலகையில் அதை அப்படியே எழுதி, கீழே ‘துண்டு முறை சட்டப்படி ஒழிந்த ஆண்டு 1921’ என்று மட்டும் சேர்த்தேன்.

நான்காம் வேளை: 39 பேர், மூன்று மூலைகள்

1948-ல் இலங்கை விடுதலை பெற்ற அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1947 தேர்தலில் அவர்களின் கட்சி ஏழு இடங்கள் வென்றிருந்தது. அடுத்து வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரின் கதி பிறகு.

எங்கள் வகுப்பின் தற்செயல் இங்கே உதவுகிறது. ஒரு பிள்ளை என்பது 25,000 பேர் என்று கொண்டால், 39 பிள்ளைகள் சரியாக 9,75,000. சீட்டுக் குலுக்கி, 21 பேரைச் சன்னல் பக்கமும் 12 பேரைக் கதவுப் பக்கமும் நிறுத்துங்கள். ஆறு பேர் நடுவில் நிற்கட்டும். இணைபிரியாத தோழிகள் பிரிவார்கள். உண்மையில் சீட்டுக் குலுக்கவில்லை, விண்ணப்பம் போட்டார்கள் என்பதையும், அப்படியும் அண்ணன் இங்கே தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன என்பதையும் சொல்லிவிடுங்கள். நடுவில் நிற்பவர்களைப் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு வேறு பாடம் பேசுவேன். “நாங்கள் எங்கே டீச்சர்?” என்று பொறுமை இழந்து கேட்ட பிறகுதான் 1974 ஒப்பந்தப்படி நாட்டுக்கு மூன்று பேராகப் பிரிப்பேன். இங்கே ஒதுக்கப்பட்ட எல்லாரும் வந்து சேரவில்லை என்பதையும், அங்கே எஞ்சியவர்களுக்கு 2003-ல் தான் சட்டம் வழிவிட்டது என்பதையும் ஓரிரு வாக்கியங்களில் முடிக்கலாம்.

ஒரு குழப்பத்தை இந்த வேளையிலேயே தீர்த்துவிடுங்கள். யாழ்ப்பாணத் தமிழர், மலையகத் தமிழர், 1983-க்குப் பின் அகதியாக வந்தவர் எல்லாரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான். பெரியவர்களில் பலருக்கும் அப்படித்தான். மண்டபம் முகாமைக் காட்டினால் எளிதாகப் புரியும். ஒரு காலத்தில் தோட்டத்துக்குப் போகிறவர்களை நோய்க்காகத் தடுத்து வைத்துச் சோதித்த இடம் அது. பிறகு திரும்பி வந்தவர்கள் முதலில் தங்கிய இடம். அதற்கும் பிறகு அகதிகள் முகாம்.

ஐந்தாம் வேளை: கேட்டு வருவது

வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பெரியவரிடம் கேட்டு வரச் சொல்கிறேன். “எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள்?” என்ற கேள்விக்குத் தடை. அதற்கு எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். “பெட்டியில் என்ன கொண்டுவந்தீர்கள்?”, “இறங்கிய முதல் இரவு எங்கே தூங்கினீர்கள்?”, “உங்கள் தோட்டத்தின் பெயர் என்ன?” என்று கேட்கட்டும். ஒரு பாட்டி, தையல் எந்திரம் கொண்டுவந்ததையும் அதன் ஊசியைத் தாலிக்கயிற்றில் கோத்து வைத்திருந்ததையும் சொல்லியிருக்கிறார். பாஸ்போர்ட் போன்ற தாள்களை எடுத்து வரச் சொல்ல வேண்டாம், வீட்டில் வைத்தே பார்த்து எழுதினால் போதும். இங்கே பெய்யும் மழைக்கு எந்தத் தாளும் தாங்காது. லயம், பிரட்டு, கவ்வாத்து, கொழுந்து என்று சொற்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். லயம் என்பது ‘லைன்’ என்று கண்டுபிடிக்கும்போது ஒரு மகிழ்ச்சி வருகிறது.

சொந்தக் கதை இல்லாத பிள்ளைகளுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. இப்போது நீலகிரியில் கொழுந்தெடுக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவரிடம் இரண்டே கேள்வி: யார் அழைத்து வந்தார்? ரயில் டிக்கெட்டுக்கு யார் பணம் கொடுத்தார்? கேட்டு வந்த பையன் ‘முன்பணம்’ என்ற சொல்லோடு வந்தான். மூன்றாம் வேளையில் கங்காணியாக இருந்தவன் அவன்.

திரும்பி வந்தவர்களுக்காக அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களை 1968-ல் தொடங்கியது. அதுவே பிறகு டான்டீ என்ற தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. இதைச் சொன்னபோது முதல் வரிசையில் ஒரு பணியர் பழங்குடி வீட்டுப் பெண், “அதற்கு முன்னால் இந்த மலை யாருடையது டீச்சர்?” என்று கேட்டாள். 1840-ஆம் ஆண்டுச் சட்டத்தை அவள் மறக்கவில்லை. மணி அடித்துவிட்டது. இந்த ஆண்டு அதற்காக ஆறாவது வேளை ஒன்று வைத்திருக்கிறேன். முதல் பத்து நிமிடம் அவள் பேசுவாள் என்று கேட்டு ஒப்புதல் வாங்கிவிட்டேன்.

கொட்டைகளை எண்ணித் திரும்ப வாங்குங்கள், ஐந்தாறு எப்போதும் குறையும். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து டப்பாவில் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டு வண்டு துளைத்திருக்கும்.