கோர்ட் பேப்பர்ல லத்தீன் வார்த்தை வந்தா எத முதல்ல பாக்கணும்

வாடகை தகராறு, பாகப்பிரிவினை, பத்திர பிரச்சனைன்னு தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் யார் வீட்டுக்காவது சம்மன் வந்துட்டேதான் இருக்கு. பேப்பர்ல புரியாத வார்த்தைய பார்த்ததும் "வக்கீல் பாத்துப்பாரு"ன்னு பீரோல வெச்சிடுறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. எல்லாத்தையும் படிச்சு புரிஞ்சுக்கணும்னு இல்ல, எந்த வார்த்தைக்கு பின்னாடி நாள் கணக்கு ஓடுதுன்னு மட்டும் தேடுங்க.

முதல்ல தேட வேண்டியது எக்ஸ் பார்ட்டி. வாய்தாவுக்கு நீங்க போகல, கேஸ் போட்டவங்க போயிருக்காங்கன்னா, உங்க பக்கம் கேக்காமலே கேஸ் நடக்கும். "செட் எக்ஸ் பார்ட்டி"ன்னு எழுதி கீழ அடுத்த வாய்தா தேதி மட்டும் இருந்தா இன்னும் டிக்ரி (கேஸ்ல கோர்ட்டோட முடிவு ஆணை) ஆகலன்னு அர்த்தம், அந்த தேதிக்கே போய் ஏன் வரலன்னு சரியான காரணம் சொல்லி சிபிசி (சிவில் நடைமுறை சட்டம்) ஆர்டர் 9 ரூல் 7ல பெட்டிஷன் போடலாம். டிக்ரியே ஆயிடுச்சுன்னா ரூல் 13, அதாவது அந்த டிக்ரிய ரத்து பண்ண சொல்லி கேக்குற செட் அசைட் பெட்டிஷன், அதுக்கு 30 நாள்தான். சம்மன் ஒழுங்கா வந்து சேரலன்னா மட்டும் அந்த 30 நாள் உங்களுக்கு விஷயம் தெரிஞ்ச நாள்ல இருந்து ஓடும். வீடு மாறி வியாசர்பாடி போயிட்டீங்க, அமீனா பழைய வீட்டு கதவுல சம்மன ஒட்டிட்டு போயிட்டாரு, இது நிறைய நடக்குது, அதனால புது அட்ரஸ் இருக்குற ரேஷன் கார்டு, சிலிண்டர் பில், புது வாடகை அக்ரிமென்ட் எல்லாத்தையும் எடுத்து வைங்க. ஆனா சம்மன்ல சின்ன குறை இருக்குன்னு மட்டும் சொல்லி தப்பிக்க முடியாது, வாய்தா தேதி உங்களுக்கு முன்னாடியே தெரியும், வர்றதுக்கு டைமும் இருந்துச்சுன்னு கோர்ட் நம்பிட்டா பெட்டிஷன் நிக்காது. 30 நாள் தாண்டிடுச்சுன்னா லிமிடேஷன் சட்டம் (காலக்கெடு சட்டம்) பிரிவு 5ல தாமதத்த மன்னிக்க சொல்லி தனி பெட்டிஷன் போடணும், தாமதத்துக்கு காரணம் காட்டணும்.

வக்கீல் வாதத்துல ஆடி ஆல்ட்ரம் பார்ட்டம்னு சொன்னா அது உங்களுக்காகத்தான், ரெண்டு பக்கமும் கேக்காம முடிவு பண்ணக்கூடாதுன்ற கொள்கை. எதிர் வக்கீல் விஜிலான்டிபஸ்னு ஆரம்பிச்சா, தூங்குறவனுக்கு சட்டம் துணை நிக்காதுன்னு சொல்ல வர்றாரு. செட் அசைட் பெட்டிஷன்ல சண்டையே பெரும்பாலும் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான்.

அடுத்து ஸ்டேட்டஸ் கோ. இடம் இப்போ எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும், ரெண்டு பேருமே கை வைக்கக்கூடாது. மாடில ஷீட் போடுறது, சுவத்த இடிக்கிறது எதுவும் வேணாம், மீறினா சொத்து ஜப்தி, 3 மாசம் வரைக்கும் சிவில் ஜெயில் வரைக்கும் போகலாம். ஆர்டர் கிடைச்ச அன்னிக்கே நாலு பக்கமும் போட்டோ எடுத்துடுங்க.

எதிராளி ஸ்டே (தடை உத்தரவு) வாங்கிடுவாங்கன்னு பயமா இருந்தா கேவியட் போடுங்க, அதாவது என்ன கேக்காம உத்தரவு போடாதீங்கன்னு கோர்ட்ல முன்னாடியே சொல்லி வைக்கிறது, சிபிசி பிரிவு 148ஏ. அது 90 நாள் வரைக்கும்தான் உயிரோட இருக்கும், அப்புறம் புதுசா போடணும்.

ப்ரைமா ஃபேசின்னு பார்த்ததும் தோத்துட்டோம்னு நினைக்காதீங்க, மேலோட்டமா பார்த்ததுல தோணினது அவ்ளோதான். ரெஸ் ஜுடிகேட்டா, ஏற்கனவே தீர்ந்த விஷயத்த அதே ஆளுங்க திரும்ப கிளற முடியாது. சுவோ மோட்டோன்னா கோர்ட் தானா எடுக்குறது, 2023 டிசம்பர்ல எண்ணூர் ஆத்துல எண்ணெய் கலந்தப்போ பசுமை தீர்ப்பாயம் அப்படித்தான் எடுத்துச்சு.

ஹேபியஸ் கார்பஸ், அதாவது உள்ள வெச்ச ஆள கோர்ட் முன்னாடி கொண்டு வர சொல்லி கேக்குற ஆட்கொணர்வு மனு பத்தி நம்ம ஏரியா குடும்பங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். குண்டாஸ்ல (குண்டர் தடுப்பு சட்டம்) பையன உள்ள வெச்சா அம்மாவோ பொண்டாட்டியோ பாரிமுனை ஹைகோர்ட்ல அரசியல் சாசன பிரிவு 226ல போடுறது இதுதான், கேஸ் நம்பர் எச்.சி.பி.ன்னு ஆரம்பிக்கும். குண்டாஸ்ல வெச்சதுக்கு குடுத்த காரணங்கள் அடங்கின புக்லெட்ல ஒரு பக்கம் கூட தொலைச்சிடாதீங்க, புரியுற மொழில குடுத்தாங்களா, எல்லா பக்கமும் தெளிவா இருக்கான்னு வக்கீல் அததான் முதல்ல பாப்பாங்க.

காசு இல்லன்னு நிக்காதீங்க. பொம்பளைங்க, எஸ்சி எஸ்டி மக்கள், ஜெயில்ல இருக்கவங்க இவங்களுக்கெல்லாம் வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச வக்கீல் தரணும்னு 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டமே சொல்லுது, சட்ட உதவி நம்பர் 15100க்கு போன் பண்ணி கேளுங்க, போறப்போ சம்மன் வந்த கவரையும் சேர்த்து எடுத்துட்டு போங்க, தபால் முத்திரைல இருக்குற தேதி தேவைப்படும்.