கொத்தனார் வரும் நாளும் தங்க ரேக்கு ஒட்டும் நாளும்

சென்ற செப்டம்பரில் மொட்டை மாடி ஒழுகியது, குளியலறைக் குழாய் சொட்டியது, மேசையில் ஒரு தஞ்சாவூர் ஓவியம் பாதியில் நின்றது. "வீட்டு வேலை முடியட்டும், பிறகு படத்தைத் தொடலாம்" என்று பலகையை நெகிழித்தாளில் சுற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். ஆறு வாரம் கழித்து எடுத்தபோது பலகைமேல் பூசிய சாக்கட்டிப் பூச்சில் பூஞ்சை. அதன் பிறகுதான் இரண்டையும் ஒரே அட்டவணையில் எழுதத் தொடங்கினேன். இரண்டிலும் பெரும்பகுதி நேரம் காய்வதற்கே போகிறது. ஒன்று காயும்போது மற்றதைச் செய்யலாம்.

படி 1: ஈரம் எங்கிருந்து வருகிறது?

கொத்தனாரை அழைக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். மழை பெய்யாத நாளிலும் கறை பரவுகிறதா? அப்படியானால் குழாயைச் சந்தேகியுங்கள். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைச் சாக்கட்டியால் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கசிவு குழாயிலோ கழிப்பறைத் தொட்டியிலோ இருக்கிறது. கழிப்பறைத் தொட்டியில் சிறிது நீலம் கலந்து அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் திறக்காமலே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் அங்கேதான் பழுது. மட்டம் இறங்கவில்லை, மழைக்குப் பிறகுதான் கறை வருகிறது என்றால் மாடியைப் பாருங்கள். மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து ஒரு நாள் தண்ணீர் கட்டி நிறுத்தினால், கீழே கசியும் இடம் தெரிந்துவிடும்.

மாடி வேலையை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, அதாவது அக்டோபர் பிறக்கும் முன் முடிப்பது நல்லது. சொட்டும் குழாய்க்குப் பெரும்பாலும் புது வாஷர் போதும்.

படி 2: காயும் நேரத்தை எழுதுங்கள்

புதுச் சிமெண்ட் பூச்சுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். அதன்மேல் வண்ணம் அடிக்க ஏறக்குறைய ஒரு மாதம் பொறுக்க வேண்டும். ஓவியத்துக்கு வந்தால், பலகையில் ஒட்டிய துணியும், அதன்மேல் பூசும் சாக்கட்டிப் பூச்சும், மக்கு (தூளும் பசையும் குழைத்த களிம்பு) வைத்து எழுப்பும் புடைப்பும் தனித்தனியே காய வேண்டும். நிழலில்தான் காய விடவேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் காட்டிவிட்டு, நடுவே இருக்கும் நேரத்தைப் படத்துக்குக் கொடுங்கள்.

படி 3: தூசி நாளைத் தனியே பிரியுங்கள்

தளத்தைக் கொத்தும் நாளில், படத்தில் ஒட்டும் மெல்லிய பொன் தாளான தங்க ரேக்கைத் திறக்கவே கூடாது. மின்விசிறிக் காற்றுக்கே பறக்கும் தாள் அது. பசைமேல் தூசி படிந்தால் பொன் ஒட்டாது. அன்று பலகையைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, ஈரச் சுவரிலிருந்து தள்ளி, தரையைத் தொடாமல் நிறுத்துங்கள். நெகிழித்தாளில் சுற்றாதீர்கள். ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்துப் பூஞ்சையை வளர்த்துவிடும். நான் செய்த தவறும் அதுதான்.

படி 4: வேலைக்காரர்கள் இருக்கும்போது என்ன செய்யலாம்?

உங்களை அழைத்துக்கொண்டே இருப்பார்கள்: மணல் போதவில்லை, மோட்டார் போடுங்கள், தேநீர். ஆகவே நடுவில் விட்டு எழக்கூடிய வேலையை மட்டும் எடுங்கள். படத்தில் பதிக்கும் கற்களை அளவு பார்த்துப் பிரிப்பது, தாளில் கோட்டுருவம் வரைவது, தூரிகை கழுவுவது. மக்குக் குழைக்காதீர்கள், திரும்பி வருவதற்குள் இறுகிவிடும். திங்கள்கிழமை வருவதாகச் சொன்ன கொத்தனார் வியாழக்கிழமைதான் வருகிறாரா? அந்த மூன்று நாளும் தூசியில்லாதவை. மக்கு வேலையை அப்போது முடித்துவிடலாம்.

படத்தை யாருக்காவது தருவதாகச் சொல்லியிருந்தால், மாடி வேலை தொடங்கும் அன்றே புதுத் தேதியைச் சொல்லிவிடுங்கள். கெடு நெருங்கிய பிறகு சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

படி 5: கண் திறப்பது

சாமியின் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவது வழக்கம். சாந்துச் சட்டியும் சாரமும் வீட்டைவிட்டுப் போன பிறகு, தரையை ஈரத்துணியால் துடைத்து, மறுநாள் விடியற்காலையில் அதற்கு உட்காருங்கள்.